குஸ்கோவின் கலைகள் யாருக்குச் சொந்தம்?

1950ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள குஸ்கோ நகரை ஒரு நில அதிர்வு உலுக்கியது. நகரத்தின் பெரும் பகுதி சேதமடைந்தது. ஸ்பானியர் கட்டிய சாந்தோ டொமிங்கோ தேவாலயமும் மடமும் இடிந்து சரிந்தன. ஆனால் அவற்றுக்கு உள்ளேயும் கீழேயும் இருந்த பழைய கற்சுவர்கள் அசையவில்லை. இன்கா மன்னர்களின் காலத்தில் சாந்து எதுவும் பூசாமல் கல்லோடு கல் பொருந்தும்படி செதுக்கி அடுக்கப்பட்ட சுவர்கள் அவை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக வேறொரு கட்டடத்துக்குள் மறைந்திருந்த கொரிகாஞ்சா என்னும் சூரியக் கோவிலின் பகுதிகள் அன்று வெளியே தெரிந்தன.

குஸ்கோவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சம்பவத்தைச் சொல்லி, இன்காக்களின் கட்டடக் கலையைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். புகழத்தான் வேண்டும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது இன்னொரு கேள்வி. கல் தானாகவே நிற்கும். துணியும் ஓவியமும் மொழியும் திருவிழாவும் தானாக நிற்பவை அல்ல. நாட்டை இழந்த ஒரு மக்கள் கூட்டம் இவற்றை எப்படிக் காப்பாற்றியது? இன்று உலகமே அந்த நகரத்தின் நூதனசாலைகளையும் விழாக்களையும் பார்க்கத் திரளும்போது, அவற்றில் அந்த மக்களுக்கு என்ன இடம் இருக்கிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கலை, அதைச் செய்த மக்களின் கையில் இருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். அந்த மக்களை உள்ளே அழைக்கும் நூதனசாலையும் திருவிழாவும் நல்லவை. அவர்களை வெளியே நிறுத்தினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அவை வெறும் காட்சிக்கூடங்களே. நான் குஸ்கோவுக்குப் போனவள் அல்லள். வாசித்தவற்றையும் படங்களில் பார்த்தவற்றையும் கொண்டே இதை எழுதுகிறேன். ஆனாலும் அந்த நகரத்தின் வரலாறு இந்தக் கருத்துக்குப் போதிய சான்று தருகிறது.

அந்தீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது குஸ்கோ. இன்றைய பெரு, எக்குவடோர், பொலிவியா ஆகிய நாடுகளிலும் சிலி, ஆர்ஜென்டினா, கொலம்பியா ஆகியவற்றின் சில பகுதிகளிலும் பரந்திருந்த இன்காப் பேரரசின் தலைநகரம் அதுதான். அம்மக்கள் தமது நாட்டைத் தவன்டின்சுயு என்று அழைத்தனர். நான்கு பகுதிகளும் ஒன்றான நாடு என்பது அதன் பொருள். அவர்களிடம் எழுத்து இருக்கவில்லை. கீபு எனப்படும் முடிச்சிட்ட நூற்கயிறுகளில் கணக்குகளைப் பதிந்து வைத்தனர். 1533இல் ஸ்பானியப் படை குஸ்கோவுக்குள் நுழைந்தது. கொரிகாஞ்சாவின் சுவர்களை மூடியிருந்த பொற்தகடுகள் பெயர்த்தெடுத்து உருக்கப்பட்டன. மன்னர்களின் மாளிகைகள் இருந்த இடங்களில் தேவாலயங்களும் பிரபுக்களின் வீடுகளும் எழுந்தன. நகரத்துக்கு மேலேயுள்ள சக்சாய்வாமன் கோட்டையின் கற்களைக் கூடக் கழற்றிக் கொண்டுவந்து புதிய கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார்கள்.

வென்றவர்களுக்குத் தேவாலயங்களை அலங்கரிக்க ஓவியங்கள் தேவைப்பட்டன. ஐரோப்பாவிலிருந்து வந்த ஓவியர்கள் உள்ளூர் இளைஞர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தனர். இப்படிப் பிறந்ததுதான் கலை வரலாற்றில் 'குஸ்கோ ஓவியப் பள்ளி' என்று சொல்லப்படும் மரபு. டியேகோ கிஸ்பே டிட்டோ, பசிலியோ சாந்தா குருஸ் புமாகல்யோ போன்ற சுதேச ஓவியர்கள் 17ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் சுதேச ஓவியர்கள் ஸ்பானியரின் சங்கத்திலிருந்து பிரிந்து தனியே வேலை செய்யத் தொடங்கினர். அவர்களில் பெரும்பாலானோர் தாம் வரைந்த ஓவியங்களில் பெயர் எழுதவில்லை. ஆனால் தமது ஊரை எழுதி வைத்தார்கள்.

எப்படி என்று கேட்கலாம். குஸ்கோ பேராலயத்தில் மார்கோஸ் சபாட்டா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த இறுதி இராப்போசன ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் மேசையின் நடுவே தட்டில் கிடப்பது 'குய்' எனப்படும் கினிப்பன்றி. பெயரில் பன்றி என்று இருந்தாலும் அது எலியைப் போன்ற கொறிக்கும் பிராணி. அந்தீஸ் மக்களின் விருந்து உணவு. ஈஸா நபி (அலை) அவர்களை உருவமாக வரைவது எமக்கு உடன்பாடானதல்ல. ஆயினும் அந்த ஓவியர் செய்த காரியத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. எசமானர்கள் கொடுத்த கதையை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையின் விருந்தில் தன் தாயின் சமையலறையிலிருந்து ஓர் உணவைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அதே காலத்து மரபில் இன்னொரு ஓவிய வரிசையும் உண்டு. கிறிஸ்தவர்களின் கோர்ப்புஸ் கிறிஸ்டி ஊர்வலத்தைக் காட்டும் அந்தப் பெரிய ஓவியங்கள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாந்தா ஆனா தேவாலயத்துக்காக வரையப்பட்டவை. அவற்றில் பல இன்று குஸ்கோவின் சமயக் கலை நூதனசாலையில் உள்ளன. ஊர்வலத்தின் முன்வரிசையில் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். இன்கா அரச குடும்பத்து வாரிசுகள், தமது பாட்டன்மாரின் உடையில், நெற்றியில் மன்னருக்குரிய சிவப்புக் குஞ்சத்தைச் சூடிக்கொண்டு நடக்கிறார்கள். ஆட்சி போய் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும், "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்ல அவர்களுக்கு அந்த ஊர்வலமும் ஓவியமும் உதவின.

இது ஆட்சியாளர்களுக்கு விளங்காமல் இல்லை. 1780இல் துபாக் அமாரு என்ற பெயரைச் சூடிய இன்கா வம்சத் தலைவர் ஒருவர் பெரும் கிளர்ச்சியை நடத்தினார். 1781 மே மாதத்தில் குஸ்கோவின் நகர சதுக்கத்தில், குடும்பத்தாரோடு சேர்த்து அவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதற்குப் பின் வந்த கட்டளைகளைக் கவனியுங்கள். இன்கா உடை அணியத் தடை. இன்கா மன்னர்களின் படங்களை வைத்திருக்கத் தடை. அவர்களைப் பற்றிய நாடகங்களுக்குத் தடை. கெச்சுவா மொழியையே ஒழிக்க வேண்டும் என்ற ஆணை. இன்காக்களின் வரலாற்றைச் சொன்ன ஒரு நூலின் பிரதிகளைத் தேடிச் சேகரிக்கும்படியும் உத்தரவு. துப்பாக்கிகளைப் பறித்தது போதவில்லை அவர்களுக்கு. துணியையும் ஓவியத்தையும் நாடகத்தையும் பறிக்க வேண்டியிருந்தது. "கலை படித்து என்ன பயன்?" என்று எம்மிடம் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் அறியேன். பயனற்ற ஒன்றை எந்த அரசும் மெனக்கெட்டுத் தடை செய்வதில்லை.

தடை செய்யப்பட்ட அந்த நூலை எழுதியவர் கார்சிலாசோ டி லா வேகா. அவருடைய வாழ்க்கை முஸ்லிம்களாகிய எமக்குச் சற்றும் எதிர்பாராத ஓர் உறவைக் காட்டுகிறது. அவர் 1539இல் குஸ்கோவில் பிறந்தவர். தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய் இன்கா அரச குலப் பெண். தாய்மொழி கெச்சுவா. இருபது வயதளவில் ஸ்பெயினுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. முதுமையில், தாய் வழி உறவினர்களிடம் சிறுவயதில் கேட்டவற்றையெல்லாம் நினைவிலிருந்து எழுதினார். அந்த நூலின் முதற் பாகம் 1609இல் வெளியானது. அவர் இறந்தது 1616இல், கொர்தோபாவில். அடக்கப்பட்டிருப்பது எங்கே தெரியுமா? எமது முன்னோர்கள் கட்டிய கொர்தோபாப் பெரிய பள்ளிவாசலுக்குள், அது பேராலயமாக மாற்றப்பட்ட பின் அமைக்கப்பட்ட ஒரு சிற்றாலயத்தில்.

இரண்டு இழப்புகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கிரனடா வீழ்ந்தது 1492இல். குஸ்கோ வீழ்ந்தது 1533இல். இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள் மட்டுமே. ஸ்பெயினில் முஸ்லிம்களை மிதிக்கும் குதிரை வீரராக வரையப்பட்ட புனித சந்தியாகோ, அந்தீஸுக்கு வந்ததும் இன்காக்களை மிதிப்பவராக மாறினார். ஓவியத்தில் குதிரையும் வாளும் அப்படியே இருந்தன. காலடியில் கிடந்த மனிதன் மட்டும் மாறினான். அதே வேளையில், ஸ்பெயினின் முஸ்லிம் கைவினைஞர்கள் வளர்த்த முதேகார் என்னும் மரவேலை மரபும் அதே கப்பல்களில் கடல் கடந்தது. குஸ்கோவின் பழைய வீடுகளில் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் செதுக்கு மர மாடங்களிலும், அயலூரான அந்தவாய்லியாஸ் தேவாலயத்தின் மரக்கூரையிலும் அதன் சாயலைக் காணலாம்.

இதை வைத்து எல்லாவற்றையும் எமதாக்கிப் பெருமை பேச நான் வரவில்லை. வரலாறு அவ்வளவு இலகுவானதும் அல்ல. இதே கார்சிலாசோ, பலவந்தமாக மதம் மாற்றப்பட்ட ஸ்பெயின் முஸ்லிம்களின் வழிவந்தோர் அல்புகாராஸ் மலைகளில் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களுக்கு எதிரான படையில் பணியாற்றியவர். தாயின் மக்களுக்காகக் கண்ணீரோடு எழுதிய ஒருவர், இன்னொரு மக்களுக்கு எதிராக வாளேந்தினார். நாம் ஒரு மனிதரையோ ஒரு சமூகத்தையோ ஒரே வரியில் தீர்ப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் சொல்கிறேன். அவரது அஸ்தியின் ஒரு பகுதி 1978இல் ஸ்பானிய மன்னரால் குஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவருடைய வீடு இன்று ஒரு நூதனசாலை.

அவர் நினைவிலிருந்து எழுதியவற்றில் ஒன்று இன்டி ரைமி என்னும் சூரியத் திருவிழா. ஸ்பானிய ஆட்சியில் அது தடை செய்யப்பட்டது. 1944இல் குஸ்கோவின் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அதை ஒரு பொது நிகழ்வாக மீண்டும் தொடங்கினார்கள். அதற்குக் கெச்சுவா மொழியில் எழுத்துப் பிரதியை உருவாக்கியவர் ஃபவுஸ்டினோ எஸ்பினோசா நவாரோ. அதற்கு ஆதாரமாக இருந்தது கார்சிலாசோவின் நூல். ஆண்டுதோறும் ஜூன் 24ஆம் திகதி கொரிகாஞ்சாவில் தொடங்கி, நகர சதுக்கம் வழியாகச் சக்சாய்வாமன் வரை விழா செல்கிறது. மன்னராக நடிப்பவர் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கெச்சுவாவில் பேசுகிறார். வீட்டுக்கு வெளியே பேச வெட்கப்படும்படி செய்யப்பட்ட மொழி அது. பெரு அரசு அதை அரச கரும மொழியாக ஏற்றது 1975இல்தான். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த விழா அம்மொழியை மேடையேற்றிவிட்டது.

"இது உண்மையான விழா அல்ல, நாடகம்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓரளவுக்கு அது சரி. பழைய விழா வழிபாடு. இன்று நடப்பது நடிப்பு. விலங்கைப் பலியிடுவதும் பாவனையே. எமது பார்வையில் சூரியனும் அல்லாஹ்வின் படைப்புகளில் ஒன்று. அதை வணங்குவது எமது நம்பிக்கைக்கு நேர் எதிரானது. ஆனால் அந்த மக்கள் அன்று மீட்க விரும்பியது சூரிய வணக்கத்தை அல்ல. அவர்களில் பெரும்பாலோர் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர். அவர்கள் மீட்க விரும்பியது தமது மொழியையும், "இது எங்கள் ஊர்" என்று சொல்லும் துணிவையும்தான். அறிவது வேறு, ஏற்பது வேறு. ஒரு மக்களைப் பற்றி அறிந்துகொண்டதால் எவருடைய ஈமானும் குறைந்துவிடாது. மாறாக, தம்மைப் போலவே மொழிக்காகவும் அடையாளத்துக்காகவும் போராடியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்ட ஒருவர் இன்னொரு சமூகத்தை இகழத் துணியமாட்டார்.

எனது விமர்சனம் வேறு இடத்தில் இருக்கிறது. சக்சாய்வாமனில் விழாவின் முக்கியப் பகுதியை இருக்கையில் அமர்ந்து பார்க்க அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். அதன் விலை உல்லாசப் பயணிகளின் பணப்பையை நினைத்து வைக்கப்பட்டது. ஆகவே ஆசனங்களில் வெளிநாட்டவர் நிறைந்திருக்க, உள்ளூர்க் குடும்பங்கள் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறி, சாப்பாட்டுப் பொதிகளோடு புல்லில் அமர்ந்து தூரத்திலிருந்து பார்க்கின்றன. நகரத்துக்குள் நடக்கும் பகுதிகளைத் தெருவில் நின்று இலவசமாகப் பார்க்கலாம் என்பது உண்மையே. உல்லாசப் பயணிகளின் பணத்தில்தான் அந்த நகரத்தின் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மையே. ஆனாலும் தாத்தா பாட்டிமாரின் மொழியில் நடக்கும் ஒரு விழாவில், அம்மொழியைப் பேசும் பிள்ளை குன்றிலும், ஒரு சொல்லும் விளங்காதவர் முன்வரிசையிலும் இருப்பது நியாயமா? பணம் கொடுப்பவருக்கு ஆசனம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று முன்வரிசைகளில் சிலவற்றை ஒதுக்குங்கள். கலையை வருமானமாக்குவதில் தவறில்லை. அதன் வாரிசுகளைப் பார்வையாளர்களிலும் கடைசியாக்குவதுதான் தவறு.

இந்த இடத்தில் கோர்ப்புஸ் கிறிஸ்டி விழாவையும் டிசம்பர் 24ஆம் திகதிச் சந்தையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னதில், பல பகுதிகளின் தேவாலயங்களிலிருந்து பதினைந்து திருவுருவங்களை மக்கள் தோளில் சுமந்து நகர சதுக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி இசைக்குழு, தனித்தனி நடனம், தனித்தனிச் சுமை. சிரியுச்சு எனப்படும் ஆறிய உணவைத் தெருவோரத்தில் குடும்பமாக அமர்ந்து உண்கிறார்கள். பின்னது சன்டுரன்டிகுய் எனப்படும் கைவினைச் சந்தை. கிறிஸ்து பிறப்புக் காட்சிக்கான சிறு உருவங்களை, கைவினைஞர்கள் தாமே சதுக்கத்தில் பரப்பி விற்கிறார்கள். லாமாவின் கழுத்தைப் போல நீண்ட கழுத்துடைய உருவங்களைச் செய்து புகழ்பெற்ற இலாரியோ மென்டிவில் என்ற கலைஞர், சான் பிளாஸ் என்னும் கைவினைஞர் குடியிருப்பைச் சேர்ந்தவர். இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் வெளிநாட்டவர் வருகிறார்கள், விரும்பினால் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வராவிட்டாலும் விழா நடக்கும். அதுதான் வித்தியாசம். யார் வராவிட்டால் விழா நின்றுபோகுமோ, அவருக்கே அந்த விழா சொந்தம்.

இனி நூதனசாலைகளுக்கு வருவோம். 1911இல் ஹைரம் பிங்கம் என்ற அமெரிக்கர் மச்சு பிச்சுவை 'கண்டுபிடித்தார்' என்று சொல்வார்கள். அவர் போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. மறு ஆண்டு தொடங்கிய அகழ்வுகளில் கிடைத்த மட்பாண்டங்களும் மனித எலும்புகளும் கற்கருவிகளும் உலோகப் பொருட்களும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஆய்வு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது பெருவின் நிலைப்பாடு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2010இல் உடன்பாடு ஏற்பட்டு, 2011க்கும் 2012க்கும் இடையில் பொருட்கள் திரும்பி வந்தன. அவை இப்போது குஸ்கோவில், இன்கா அத்திவாரத்தின் மேல் எழுந்த காசா கொஞ்சா என்ற பழைய மாளிகையில், நகரப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டுள்ளன.

யேல் பல்கலைக்கழகம் அவற்றை நன்றாகப் பாதுகாத்தது, அந்த எலும்புகளை ஆராய்ந்ததால்தான் மச்சு பிச்சுவில் பணிபுரிந்தவர்கள் பேரரசின் பல திசைகளிலிருந்தும் வந்தவர்கள் என்பது தெரிந்தது என்று வாதிடுவோர் உண்டு. அந்த அறிவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் இரவல் வாங்கிய புத்தகத்தை எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும், எவ்வளவு தரம் வாசித்தாலும், அது அவருடையதாகிவிடாது. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிச் சென்ற லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் எமது நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தபோது, அதே நியாயம் இங்கும் நிலைநாட்டப்பட்டது.

ஆனால் பொருள் ஊருக்குத் திரும்புவது பாதி வேலைதான். ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து இன்னொரு கண்ணாடிப் பெட்டிக்கு மாறுவது மட்டும் மீட்சியாகாது. மீதிப் பாதியை எப்படிச் செய்யலாம் என்பதற்கு, குஸ்கோ நகரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இருக்கிறது. அது அரசாங்கம் கட்டிய பெரிய மண்டபம் அல்ல. நெசவாளப் பெண்கள் கட்டியெழுப்பிய ஒரு நிலையம்.

நில்டா கல்யஞவுபா அல்வாரெஸ், குஸ்கோவுக்கு அண்மையிலுள்ள சின்செரோ கிராமத்தில் சிறுவயதிலேயே நெசவு கற்றவர். அவர் வளர்ந்த காலத்தில் இளையவர்கள் நெசவை விட்டு விலகிக்கொண்டிருந்தனர். ஆலைத் துணி மலிவாகக் கிடைத்தது. இரசாயனச் சாயம் இலகுவாக இருந்தது. பழைய வடிவங்களை அறிந்த மூதாட்டிகள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். எழுத்தில்லாத மக்களின் நினைவு அந்த வடிவங்களில்தான் இருந்தது. ஒரு மூதாட்டி இறந்தால் ஒரு நூலகத்தின் அலுமாரியே போய்விடும். 1996இல் அவரும் ஏனைய நெசவாளர்களும் சேர்ந்து குஸ்கோவில் பாரம்பரிய நெசவு நிலையத்தை நிறுவினார்கள். இன்று அது பத்துக் கிராமச் சமூகங்களோடு இணைந்து செயற்படுகிறது.

அங்கே ஒரு நூதனசாலையும் உண்டு, விற்பனை நிலையமும் உண்டு. அவற்றுக்கு அருகிலேயே கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் இடுப்பில் வாரைக் கட்டித் தறியை இழுத்துப் பிடித்து நெய்துகொண்டிருக்கிறார்கள். சப்பாத்திக் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் சிவப்பு நிறம் கிடைக்கிறது. கொல்யே என்ற மரத்தின் பூவிலிருந்து மஞ்சள், சில்கா என்ற செடியின் இலையிலிருந்து பச்சை. புளிப்பையோ உப்பையோ சேர்க்கும் அளவைப் பொறுத்து ஒரே பூச்சியிலிருந்து பல நிறங்கள் பிறக்கின்றன. இரசாயனவியல் பாடத்தில் காட்டிகளின் நிறமாற்றத்தைப் படிக்கும் எமது விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள். எந்தக் கிராமத்துத் துணி, யார் நெய்தது என்பது வாங்குபவருக்குத் தெரிகிறது. பணம் நெய்த பெண்ணின் கைக்குப் போகிறது. சிறுவர் சிறுமியருக்கென்று நெசவுக் குழுக்களும் இயங்குகின்றன. மூதாட்டிகள் அங்கே காட்சிப் பொருட்களாக உட்காரவில்லை, ஆசிரியைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

கலையைக் காப்பதா, வறுமையைப் போக்குவதா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துபவர்களுக்கு அந்தப் பெண்கள் தந்த பதில் இது. இரண்டும் ஒரே தறியில் நடக்கலாம். வீட்டை விட்டுத் தூர நகரங்களுக்குப் போய் வேலை தேட வேண்டிய நிலையிலிருந்த பெண்கள், தாயிடம் கற்ற வேலையைக் கொண்டே தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். மருதமுனையின் கைத்தறிகளை அறிந்த எமக்கு இதன் பெறுமதியைத் தனியாக எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தறிகளின் முன் அடுத்த தலைமுறை அமருமா என்ற கவலையும் எமக்குப் புதியதல்ல.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வரலாறோ சித்திரமோ தெரிவு செய்தால், "இதைப் படித்து என்ன தொழில் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். தொழில் முக்கியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குஸ்கோ மக்கள் ஆட்சியை இழந்தார்கள், பொன்னை இழந்தார்கள், கோவில்களை இழந்தார்கள். கடைசியில் அவர்களை அவர்களாகவே வைத்திருந்தது ஒரு மொழியும், சில துணி வடிவங்களும், ஒருவர் நினைவிலிருந்து எழுதிய ஒரு நூலும், ஊர் கூடிச் சுமந்த சில ஊர்வலங்களும்தான். இவற்றை ஆராயவும் பேணவும் எவராவது படித்திருக்க வேண்டும் அல்லவா?

சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு நூதனசாலைக்கோ கலை விழாவுக்கோ போகும்போது, படம் எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்தவரின் பெயர் அல்லது ஊர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இங்கே வந்து பார்க்க வசதி இருக்கிறதா? இதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றனவா, அவற்றிடமிருந்து எவராவது கற்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் எமது மூத்தம்மாமாரிடம் அவர்களுக்குத் தெரிந்த கைவேலை ஒன்றைக் கற்றுத் தரும்படி கேட்போம். அவர்கள் மறுக்கமாட்டார்கள். இவ்வளவு காலமும் எவரும் கேட்கவில்லை என்பதுதான் அவர்களுடைய மனக்குறை.